பிரேக் மிதியின் உயரம்

வைகாசித் திங்களில் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயில் தேர் வீதிக்கு வரும்போது, காண்போர் கண்கள் யாவும் மேல் நோக்கியே இருக்கும். சிலர் வடம் பிடிப்போரைப் பார்ப்பார்கள். சக்கரத்தை ஒட்டிக் குனிந்த முதுகோடு நடந்து வரும் ஒரு சிலரை மட்டும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. தேரை நிறுத்த வேண்டிய இடத்தில், உருண்டு வரும் சக்கரத்தின் முன்னே அந்தக் கட்டையைச் செருகுவது அவர்கள் தொழில். ஒரு நொடி முந்தினால் தேர் வேண்டாத இடத்தில் நின்றுவிடும். ஒரு நொடி பிந்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காரியத்தைக் கெடுப்பவனை நாம் முட்டுக்கட்டை என்று ஏசுகிறோம். தேரோட்டத்தில் அதுதான் உயிர் காப்பது. மொழி சில சமயம் நன்றி மறந்துவிடுகிறது.

நேயர்களே, தேரில் தொடங்கினேனாயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் வண்டியின் பிரேக் மிதி. இன்னும் சுருக்கிச் சொன்னால், அந்த மிதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. இதற்கும் ஒரு வரலாறா என்று மாணவர்கள் நகைக்கலாம். மனிதன் தன் கால் வலிமையைக் கொண்டே வண்டியை நிறுத்திவந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் அந்தக் காலுக்கு இயந்திரம் துணை வந்தது. துணை வந்தபோது மிதி இருந்த இடத்திலேயே இருக்க முடியவில்லை, இறங்க வேண்டியதாயிற்று. அந்த இறக்கத்தின் கதையே இது.

கட்டைவண்டிக்குத் தனியாக நிறுத்தும் கருவி வேண்டியிருந்ததில்லை. மாடு நின்றால் வண்டி நின்றது. எஞ்சின் வந்தபோது தொல்லை தொடங்கிற்று. எஞ்சினுக்குக் கயிறு கட்டி இழுத்து நிறுத்த இயலாது. முதலில் மரக்கட்டையைச் சக்கரத்தின் மேல் அழுத்தினார்கள். பிறகு சக்கரத்தோடு சுழலும் ஓர் உருளையை இறுக்கினார்கள். மிதியிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பிகளும் கயிறுகளும் சென்றன. நான்கு கம்பிகளும் ஒரே அளவாக இறுகினால்தான் வண்டி நேராக நிற்கும். ஒன்று தளர்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917ஆம் ஆண்டில் கம்பிக்குப் பதிலாகத் திரவத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மேல் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே அதற்கு அடிப்படை. 1921இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இத்தகைய பிரேக்குடன் வெளிவந்தது.

திரவம் அழுத்தத்தைச் சமமாகப் பங்கிட்டது; ஆனால் அழுத்தத்தைத் தர வேண்டியது இன்னும் மனிதனுடைய கால்தான். அக்காலத்துப் பெரிய கார்கள் கனமானவை. வேகமும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. மெலிந்த உடலினரும் முதியவர்களும் அவ்வளவு கனத்தை உதைத்து நிறுத்துவது எளிதன்று. மிதிக்கும் காலுக்குத் துணை எங்கிருந்து கிடைக்கும்?

துணை காற்றிலிருந்து கிடைத்தது. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்திக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நாம் உணர்வதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை மட்டும் உறிஞ்சிவிட்டால் மறுபக்கத்தின் பலம் புலப்படும். 1650களில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஃபான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. இந்தச் சோதனை உங்கள் பாடநூலில் இருக்கும். நம் நாட்டு இரயில்களும் நெடுங்காலம் வெற்றிட பிரேக்கினால்தான் நின்றன. மோட்டார் காரில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனி இயந்திரமே தேவையில்லை. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது தானே காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலில் ஒரு சிறு பங்கைக் குழாய் வழியே எடுத்துக்கொண்டால் போதும்.

இதைச் செயல்படுத்திக் காட்டியவர்களுள் முக்கியமானவர் பெல்ஜியம் நாட்டுப் பொறியியலாளர் ஆல்பெர்ட் டெவாண்டர். அவருடைய துணைவிசை பிரேக்கை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ காரில் வெற்றிடத் துணை பிரேக் இடம்பெற்றது. இங்கிலாந்தில் லிங்கன் நகரத்து நிறுவனம் ஒன்று டெவாண்டரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு கிளேட்டன் டெவாண்டர் ஆயிற்று.

இந்தப் பெயர் நம் ஊர்ப்பக்கம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் 1911ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், அவருடைய மக்கள் காலத்தில் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிலாகவும் வளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் கிளேட்டன் டெவாண்டருடன் கூட்டுச் சேர்ந்து சுந்தரம்-கிளேட்டன் தோன்றியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்துடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தோன்றியது. இரண்டும் இடங்கொண்டது சென்னையை அடுத்த பாடியில். இன்று பாடி சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அன்று அது, காஞ்சிபுரத்தைப் போலவே, செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு பிற்காலத்தில் வாப்கோ என்றும், பின்னர் இசட்.எஃப். என்றும் பெயர் மாறிற்று. இந்தியச் சாலைகளில் ஓடிய லாரிகளும் பேருந்துகளும் கார்களும் நிற்பதற்கான கருவிகளை நம் மாவட்டத்து ஊர் ஒன்று செய்து அனுப்பியது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற மாவட்டத்திற்கு இதுவும் ஒரு பெயர்தான். யாரும் பாடி வைக்கவில்லை, அவ்வளவே.

இனி அந்தத் துணைக் கருவி வேலை செய்யும் விதத்தைக் காண்போம். பட்டறையில் இதை பூஸ்டர் என்பார்கள். பார்வைக்குக் கவிழ்த்த வாணலி இரண்டைச் சேர்த்துப் பொருத்தியது போன்ற தகட்டுக் கலம். உள்ளே நடுவில் ஒரு ரப்பர்த் திரை. மிதியைத் தொடாதபோது திரையின் இருபுறமும் வெற்றிடம். மிதியை அழுத்தியதும் ஒரு சிறு வால்வு இரண்டு அறைகளையும் பிரித்து, ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்றை விடுகிறது. காற்று திரையைத் தள்ளுகிறது. திரை மாஸ்டர் சிலிண்டர் என்னும் எண்ணெய்க் கலத்தின் பிஸ்டனைத் தள்ளுகிறது. திரையின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். எஞ்சினின் உறிஞ்சல் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோகிராம் வித்தியாசத்தை உண்டாக்கினால், உச்ச நிலையில் கிடைக்கும் துணை ஏறத்தாழ 190 கிலோகிராம். கால் நின்ற இடத்தில் வால்வும் நின்றுவிடும். ஆகவே மெல்ல மிதித்தால் சிறிது துணை, ஊன்றி மிதித்தால் பெருந்துணை.

இப்போது மிதிக்கு வருவோம். மிதி ஒரு நெம்புகோல். அதன் அச்சிலிருந்து பாதம் படும் இடம் வரை 30 சென்டிமீட்டர், தள்ளுதண்டு மாட்டியிருக்கும் இடம் வரை 5 சென்டிமீட்டர் என்றால், காலின் பலம் 6 மடங்காகும். துணையில்லாத பிரேக்குகளில் விகிதம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். 20 கிலோகிராம் எடையாக மிதித்தால் 120 கிலோகிராம் கிடைக்கும். ஆனால் எந்த நெம்புகோலும் இனாமாகப் பலம் தருவதில்லை. 6 மடங்கு பலம் வேண்டுமானால் 6 மடங்கு தூரம் மிதிக்க வேண்டும். பிஸ்டன் இரண்டரை சென்டிமீட்டர் நகர மிதி 15 சென்டிமீட்டர் நகர வேண்டும். 15 சென்டிமீட்டர் கீழே போவதற்கு இடம் வேண்டுமென்றால் மிதி அதற்கும் மேலான உயரத்தில் நிற்க வேண்டும். பழைய கார்களில் ஓட்டுநர் குதிகாலைத் தரையிலிருந்து எடுத்து, முழங்காலைத் தூக்கி, முழுக்காலாலும் பிரேக்கை மிதித்ததன் காரணம் இதுவே. உயரம் அழகுக்காக வைத்ததன்று. தூரம் கேட்ட விலை அது.

காற்று துணைக்கு வந்தபின் 6 மடங்கு தேவையில்லை. 4 மடங்கு போதும். தண்டை அச்சிலிருந்து ஏழரை சென்டிமீட்டரில் மாட்டினால் விகிதம் நான்கு. அதே இரண்டரை சென்டிமீட்டருக்கு மிதி இப்போது 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். மிதி இறங்கலாம். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பகுதி மட்டும் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்கிற்குத் திரும்பலாம். இதை முதலில் பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1952ஆம் ஆண்டில் பேக்கார்டு கார்களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ட்ரெடில்-வேக் என்ற கருவி வந்தது. அகன்ற, தாழ்ந்த மிதி; ஆக்சிலேட்டருக்கு அருகே, ஏறத்தாழ அதன் மட்டத்திலேயே. கால் தூக்க வேண்டாம் என்பதே விளம்பரத்திற்குப் போதுமான செய்தியாயிருந்தது.

ட்ரெடில் என்ற அந்தச் சொல்லைக் காஞ்சிபுரத்துக்காரன் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொள்வான். தறியின் மிதிகட்டைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். குழியில் இருக்கும் மிதிகட்டைகள் கயிற்றால் விழுதுகளோடு கட்டப்பட்டிருக்கும். ஒன்றை அழுத்தினால் பாவின் இழைகளில் ஒரு பாதி கீழிறங்கி மறுபாதி மேலேறும். இடையே நாடா ஓட வழி பிறக்கும். கயிறு நீண்டுபோனால் மிதி குழியின் தரையில் முட்டிவிடும், பாவு முழுதும் திறக்காது. கயிறு குறுகினால் ஒவ்வொரு முறையும் முழங்காலைத் தூக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் இடுப்பு நோகும். ஆகையால் தறியில் அமரும் ஆளின் காலுக்கேற்பக் கயிற்றை முடிச்சுப் போட்டுத் திருத்துவார்கள். ஜக்கார்டு பெட்டி தறியின் மேல் ஏறியபோது அதன் கனத்தையும் காலே தூக்க நேர்ந்தது. அண்மைக் காலத்தில் ஜக்கார்டைத் தூக்கும் வேலையைச் சிறு மின்மோட்டார் ஏற்றுக்கொள்ளும் அமைப்புகளும் கைத்தறிக்கு வந்திருக்கின்றன. காரில் நடந்ததே தறியிலும் நடக்கிறது. காலின் பாரம் குறைந்தவுடன் மிதியும் தன் பழைய இடத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

புதிதாக வடிவமைக்கும் காரில் இந்தக் கணக்கையெல்லாம் தொழிற்சாலையே பார்த்துக்கொள்ளும். துணையின்றிப் பிறந்த பழைய காருக்குப் பின்னாளில் துணை பொருத்துவதுதான் சிக்கல். நம் நாட்டில் பல பத்தாண்டுகள் ஓடிய கார்கள் சிலவே. ஓடியவையோ நீண்ட ஆயுள் பெற்றவை. கல்கத்தா அருகே செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை மக்கள் மகன் காலம் வரையும் வைத்துக்கொண்டார்கள். சாலைகள் அகன்று வேகம் கூடியபோது, பழைய காருக்கு பூஸ்டர் வைக்கும் ஆசை எழுந்தது இயல்பே.

இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பிரிட்டிஷ் கார்களில் 1950களிலும் 1960களிலும் பரவியது: துணைக் கருவியை மிதியருகே வைக்காமல், எண்ணெய்க் குழாயின் நடுவே எங்கேனும் வைத்துவிடுவது. மிதியை யாரும் தொடுவதில்லை, உயரமும் மாறாது. ஆனால் 6 மடங்கு நெம்புகோலும் காற்றின் துணையும் ஒருசேர வேலை செய்வதால், சில அமைப்புகளில் பாதம் பட்டதும் சக்கரம் இறுகிவிடும். மற்றொன்று, மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே பூஸ்டரை அமைப்பது. இன்றைய கார்களின் முறை இதுவே. இதில்தான் மிதியின் உயரம் கேள்வியாகிறது.

ஏனாத்தூரிலிருந்து காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு பட்டறையில் நான் இதை நேரில் கண்டேன். பழைய கார் ஒன்றுக்கு வேறொரு காரின் பூஸ்டரைப் பொருத்தியிருந்தார்கள். உரிமையாளர் வயதானவர், வலது முழங்காலில் வாதம். காலுக்கு இதமாக இருக்கும் என்று நம்பித்தான் பணம் செலவழித்திருந்தார். பொருத்திய பின்பு பிரேக் மெத்தென்று பிடித்தது உண்மை. ஆனால் மிதி முன்னிருந்ததைவிட மூன்று விரற்கடை உயர்ந்து நின்றது! பலம் குறைத்து மிதிப்பதற்காக, முன்னைவிட அதிகமாக முழங்காலைத் தூக்க வேண்டியவரானார். அவர் கேட்டபோது மிஸ்திரி சொன்ன விடை: “ஐயா, பெடல் ஒசரமா இருந்தாத்தான் பிரேக் பாதியிலேயே புடிக்கும், கீழே எறக்கினா தரையில முட்டும்.”

அந்த விடையில் பாதி உண்மை உண்டு. மிதி உயர்ந்ததற்குக் காரணம், பூஸ்டரின் தண்டு அந்தக் காருக்கு நீளமாயிருந்தது. அதைக் குறைக்காமல் அப்படியே மாட்டியிருந்தார்கள். மேலும் தண்டைப் பழைய துளையிலேயே, அதாவது 6 மடங்கு தரும் துளையிலேயே மாட்டியிருந்தார்கள். அதனால் மிதியின் ஓட்டமும் குறையவில்லை. ஓட்டம் குறையாதவரை மிதியை இறக்கினால் தரையில் முட்டத்தான் செய்யும். மிஸ்திரி கண்டது சரி. அதன் காரணத்தைத்தான் காணவில்லை.

முதியவர் வண்டியை வேறொருவரிடம் கொண்டுபோனார். உடன்போன நான் அருகிருந்து பார்த்தேன். அந்த மனிதர் முதலில் மிதியைத் தொடவே இல்லை. பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள சிறிய தண்டை அளந்தார். மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் தண்டு நீளமாயிருந்தால், மிதியைத் தொடாதபோதும் பிஸ்டன் சற்று உள்ளே தள்ளப்பட்டே நிற்கும். எண்ணெய் திரும்பித் தொட்டிக்குப் போகும் நுண்ணிய துளை அப்போது மூடியே கிடக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் சக்கரங்களில் சூடு ஏறும், எண்ணெய் விரியும், வெளியேற வழியின்றித் தானே பிரேக்கை இறுக்கும். இறுக இறுகச் சூடு மிகும்; சூடு மிக மிக இன்னும் இறுகும். தண்டு குட்டையாயிருந்தாலோ, மிதி வெறுமனே இறங்கிப் பாதி வழியில்தான் பிரேக் தொடங்கும். இந்த இடைவெளியைச் சரி செய்யாமல் மிதியின் உயரத்தைத் திருத்துவது, நோயை விட்டு நாடியைத் திருத்துவது போன்றது.

அதன்பின் தண்டைக் கீழ்த் துளைக்கு மாற்றினார். துளை மாறும்போது தண்டு சாய்ந்து நிற்கக் கூடாது. மிதி முழுதும் அழுந்தும்போது ஏறத்தாழ நேர்கோட்டில் தள்ள வேண்டும். சாய்ந்து தள்ளினால் பூஸ்டரின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். அதற்காகத் தாங்கும் இரும்புச் சட்டத்தையே சற்றுச் சாய்த்துப் பொருத்தினார். மூன்றாவதாகத்தான் மிதிக்குச் செல்லும் தண்டை எடுத்தார். அதன் முனையில் மரையும், மரையை இறுக்கும் நட்டும் இருக்கும். தண்டைக் குறைக்கக் குறைக்க மிதி இறங்கும். நீட்ட நீட்ட ஏறும். கால்மிதியை விலக்கி, விரிப்பைச் சுருட்டி, வெறுந்தகட்டிலிருந்து அளவுகோல் வைத்து அளந்தார். விரிப்பின் மேல் அளப்பது விரிப்பின் தடிமனைத்தான் அளக்கும் என்றார்.

பிரேக் மிதி ஆக்சிலேட்டரைவிடச் சற்றே உயர்ந்து நின்றது. ஒரே மட்டத்தில் இருந்தால் அகன்ற பாதம் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும். நம் ஓட்டுநர்களில் பலர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுபவர்கள். ஆகவே முதியவரை அவர் வழக்கம்போல் உட்காரச் சொல்லி, குதிகால் தரையில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நட்டை இறுக்கினார். மிதியைக் கையால் மெல்லத் தட்டி, வால்வைத் தொடுவதற்கு முன் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருப்பதைச் சோதித்தார். அந்த அசைவு இல்லையென்றால் கால் எடுத்த பின்பும் பூஸ்டர் முழுதும் விடுபடாது. உயரம் மாறியதால் பின்விளக்கின் ஸ்விச்சையும் நகர்த்த வேண்டியிருந்தது. இதை மறப்பவர் பலர். மறந்தால் சிவப்பு விளக்கு ஓயாமல் எரியும், அல்லது எரியவே எரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் நிற்பது தெரியாது.

கடைசியாக ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை ஐந்தாறு முறை அழுத்தினார். கலத்தில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து, மிதி கல்லாயிற்று. அந்த நிலையில் காலை வைத்துக்கொண்டே எஞ்சினை இயக்கினார். மிதி காலின் கீழே ஒரு சிறிது தாழ்ந்தது. பூஸ்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நீங்களும் வீட்டுக் காரில், வண்டி நின்ற நிலையில், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்துபார்க்கலாம்.

அந்தக் கல்லான மிதிதான் இந்தப் பொருளில் என் நெஞ்சை அச்சுறுத்தும் பகுதி. எஞ்சின் வழியில் நின்றுபோனால், கலத்தில் உள்ள வெற்றிடம் இரண்டொரு மிதிப்புக்கு வரும். பிறகு மனிதன் தன் காலை மட்டுமே நம்ப வேண்டும். 6 மடங்கு நெம்புகோல் இருந்த காலத்தில் 20 கிலோகிராம் மிதித்தால் 120 கிடைத்தது. 4 மடங்காக்கிய பிறகு அதே 120 கிடைக்க 30 கிலோகிராம் மிதிக்க வேண்டும். இறங்கிய மிதி நமக்குத் தந்த சுகத்தின் மறுபக்கம் இது. மிக அதிகமாக இறக்கிய கார்களில் இந்தக் குறை இன்னும் பெரிதாயிற்று. எனவே மிதி உயர்ந்தால் முழங்காலுக்குத் துன்பம், தாழ்ந்தால் ஆபத்து நேரத்தில் பலமில்லை, அல்லது மிதி செல்ல இடமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இருக்கிறது. இந்தச் சில சென்டிமீட்டரை அளக்காமல் ‘கண் அளவாக’ விடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதைச் சிலர் வெறும் தொல்லையாகக் கருதுவர். பட்டறையில் நான் கண்டதற்குப் பின் எனக்கு அது தொல்லையாகத் தோன்றவில்லை.

சில சென்டிமீட்டர் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. 1982 முதல் 1987 வரையான ஆடி 5000 கார்கள் நின்ற இடத்திலிருந்து திடீரெனப் பாய்ந்து ஓடுவதாகப் புகார்கள் எழுந்தன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று ஓட்டியவர்கள் உறுதியாகக் கூறினார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவு, பெரும்பாலான நிகழ்ச்சிகளில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரையே மிதித்திருந்தார்கள் என்பதாகும். இரு மிதிகளும் அமைந்த விதம் அமெரிக்கருக்குப் பழகிய கார்களைப் போல் இல்லை. நிறுவனம் மிதிகளின் இடைவெளியை மாற்றியது. பிரேக்கை மிதித்தாலன்றி கியர் நகராதபடி ஒரு பூட்டும் வைத்தது. இருந்தும் அமெரிக்காவில் ஆடியின் விற்பனை 1985இல் 74,000க்கு மேல் இருந்தது, 1991இல் 12,000 சொச்சமாகச் சரிந்தது. எஞ்சினில் பழுதைத் தேடியவர்கள் பலர். பாதம் எங்கே போய் விழுகிறது என்று தேடியவர்கள் சிலரே.

தேருக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும், திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் செய்து பொருத்தியது. பாஸ்கலின் விதி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயினும் முட்டுக்கட்டை போடுவோர் இன்றும் சக்கரத்தோரம் நடக்கிறார்கள். வளைவில் தேரைத் திருப்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. 2019இல் அங்கே மின்காரும் உருவாகத் தொடங்கியது. மின்காரில் உறிஞ்சுவதற்கு எஞ்சினே இல்லை. ஆகவே சிலவற்றில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனி மின்பம்பு வைக்கிறார்கள். சிலவற்றில் வெற்றிடத்தையே கைவிட்டு, மின்மோட்டாரே பிஸ்டனைத் தள்ளுகிறது. பாஷ் நிறுவனம் இத்தகைய கருவியை 2013இல் வெளியிட்டது. அதற்கும் முன்பே, 2001ஆம் ஆண்டு மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எல். காரில், இயல்பான ஓட்டத்தின்போது பாதத்திற்கும் சக்கரத்திற்கும் நேரடித் தொடர்பே இல்லாத அமைப்பு ஒன்று வந்தது. மிதி எவ்வளவு அழுந்துகிறது என்பதை மின்கருவி அளந்து பிரேக்கிற்குச் சொல்லும். பாதத்திற்கு எதிர்ப்பு வேண்டுமே என்பதற்காக, மிதியின் பின்னே சுருள்வில் ஒன்றை வைத்துப் பழைய பிரேக்கின் கனத்தைப் போலவே காலுக்கு உணர்த்தினார்கள். ஓட்டிய கால்கள் அதையே கேட்டன.